பீட்டிலைத் தாழ்த்தலாம், ஆனா டிராவலைத் தொலைக்கக் கூடாது

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்தவற்றை நீக்கி, வாசிக்க வசதியாகத் திருத்தியிருக்கிறோம்.)

போன வாரம் பழைய கார்களைப் பத்திப் பேசினப்போ ஒரு கேள்வி நிறைய பேர்கிட்ட இருந்து வந்துச்சு. "அண்ணா, இன்ஸ்டால பாக்குற அந்த ஃபோக்ஸ்வேகன் பீட்டில் எல்லாம் மூக்கு தரையில ஒட்டுற மாதிரி நிக்குதே, அது எப்படி? ஸ்பிரிங்கை வெட்டிடுவாங்களா?"

இல்லை. வெட்டணும்னு நினைச்சாலும் முடியாது. ஏன்னா பெரும்பாலான பீட்டில்கள்ல நாம நினைக்கிற சுருள் ஸ்பிரிங்கே கிடையாது. அதனாலதான் இந்த டாபிக்கை ஒரு முழு எபிசோடா எடுத்திருக்கோம்.

முதல்லயே ஒரு விஷயத்தைச் சொல்லிடறேன். காரைக் கீழ இறக்குறது கஷ்டம் இல்லை. ஒரு நாள் வேலை. ஆனா ஒரு வீல் பள்ளத்துலயும் மேட்டுலயும் மேலே கீழே போய்வர கொஞ்சம் இடம் வேணும். அதுக்கு மெக்கானிக் பாஷையில டிராவல்னு பேர். உயரத்தைக் குறைக்கும்போது அந்த டிராவலையும் சேர்த்துக் குறைச்சுட்டா, பார்க்கிங்ல அழகா நிக்கும். ரோட்டுல ஆபத்தா ஓடும். இன்னைக்குப் பேசப்போற ஒவ்வொரு முறையையும் அந்த ஒரே அளவுகோலை வெச்சுப் பாருங்க.

இந்த ஆசை எங்க இருந்து வந்துச்சு?

அமெரிக்காவுல தெற்கு கலிஃபோர்னியா. குறிப்பா ஆரஞ்சு கவுன்ட்டி. 1960களோட கடைசியில அங்க இருந்த பசங்க பீட்டிலை டிராக் ரேஸ்ல ஓட்டினாங்க. அந்த ரேஸ் கார்களைப் பார்த்து, தெருவுல ஓட்டுற காரையும் அதே மாதிரி மாத்த ஆரம்பிச்சாங்க. பம்பரைக் கழட்டுறது, குரோம் பட்டையை எடுக்குறது, முன்பக்கத்தை மட்டும் நல்லா இறக்குறது, பின்னாடி பெரிய இன்ஜின் போடுறது. "டெர் க்ளைனர் பான்ஸர்ஸ்"னு ஒரு கிளப் இதுல ரொம்பப் பிரபலம். 1975ல "ஹாட் வீடபிள்யூஸ்" பத்திரிகை இதை "கலிஃபோர்னியா லுக்"னு அட்டையிலயே போட்டு எழுதுச்சு. அதுக்கப்புறம் உலகம் முழுக்க "கால் லுக்"னு பேர் நின்னுடுச்சு.

ஸோ, மூக்கு கீழ, வால் மேல. இந்தச் சாய்வு அழகுக்காக வந்ததுதான். இந்தச் சாய்வே ஸ்டீயரிங்குக்கு ஒரு பிரச்சினையைக் கொண்டுவருது. அதைப் பின்னாடி சொல்றேன்.

ஸ்பிரிங் எங்க ஒளிஞ்சிருக்கு?

ஈரத் துணியைப் பிழியுறீங்க. ஒரு முனையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு முனையை முறுக்குறீங்க. கையை விட்டா அது கொஞ்சம் திரும்பி வரும் இல்லையா? துணிக்குப் பதிலா நல்ல எஃகுக் கம்பியை நினைச்சுக்கோங்க. அது முறுக்குனதும் அதே வேகத்துல பழைய நிலைக்கே திரும்பி வரும். அதுதான் டார்ஷன் பார். ஃபெர்டினாண்ட் போர்ஷேவோட நிறுவனம் இந்த வகை சஸ்பென்ஷனுக்கு 1931லயே காப்புரிமை கேட்டு விண்ணப்பிச்சது. அப்புறம் அவங்க வடிவமைச்ச பீட்டில்லயும் அதையே வெச்சாங்க.

முன்பக்கத்துல காரோட குறுக்கே ரெண்டு இரும்புக் குழாய், ஒண்ணு மேல ஒண்ணு கீழ. இதை பீம்னு சொல்வாங்க. ஒவ்வொரு குழாய்க்குள்ளயும் மெல்லிய எஃகுப் பட்டைகளை அடுக்கி ஒரு கட்டா வெச்சிருப்பாங்க. அந்தக் கட்டோட நடுப்பகுதி குழாய்க்கு நடுவுல ஒரு ஸ்க்ரூ போட்டு இறுக்கப்பட்டிருக்கும். ரெண்டு முனையிலயும் கை மாதிரி ஒரு ஆர்ம், அதோட முனையில வீல். வீல் மேல போனா ஆர்ம் திரும்பும், பட்டை முறுக்கும், திருப்பித் தள்ளும். அவ்வளவுதான்.

பின்பக்கத்துல பட்டைகளுக்குப் பதிலா ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு உருண்டையான கம்பி. அதோட வெளி முனையில ஸ்பிரிங் பிளேட்னு ஒரு தட்டையான இரும்புத் தகடு, அது பின்னாடி போய் ஆக்ஸிலைப் பிடிக்கும்.

இங்க ஒரு விதிவிலக்கு உண்டு. 1971 மாடல்ல அறிமுகமான சூப்பர் பீட்டில் வகையில முன்பக்கம் பீம் கிடையாது, மேக்ஃபெர்சன் ஸ்ட்ரட்தான். அதுல சுருள் ஸ்பிரிங் உண்டு. அந்தக் காரோட வழி வேற. இன்னைக்குப் பேசுறது பீம் இருக்குற கார்களைப் பத்தி.

முன்பக்கம்: ஒரு தப்பு வழி, ரெண்டு சரியான வழி

தப்பு வழியை முதல்ல சொல்லிடறேன், ஏன்னா அதுதான் செலவே இல்லாதது. குழாய்க்குள்ள இருக்குற பட்டைகள்ல சிலதை உருவி எடுத்துடறது. கார் உடனே இறங்கிடும். ஆனா உயரத்தோட சேர்த்து ஸ்பிரிங்கோட பலத்தையும் எடுத்துட்டீங்க. டிராவல் குறைஞ்சுபோச்சு, மிச்சம் இருக்குற டிராவலைக் காப்பாத்தவும் பலம் இல்லை. சின்னப் பள்ளத்துக்கே அடி தட்டும். பிரேக் போட்டா மூக்கு குத்தும். இதைப் பண்ணாதீங்க.

சரியான வழி ஒண்ணு: அட்ஜஸ்டர். பட்டைக் கட்டோட நடுப்பகுதி குழாயில இறுக்கி இருக்குன்னு சொன்னேன்ல? அந்த இடத்தை வெட்டி, திருப்பி இறுக்கக்கூடிய ஒரு அமைப்பை வெல்டிங் பண்ணிடுவாங்க. அப்புறம் போல்ட்டைத் தளர்த்தி நடுப்பகுதியைக் கொஞ்சம் திருப்பினா, ரெண்டு பக்க ஆர்மும் சேர்ந்து மேல போகும், கார் கீழ வரும். ஸ்பிரிங்கோட பலம் அப்படியே இருக்கும். வேணும்னா திரும்ப ஏத்தவும் செய்யலாம்.

ஆனா இதுல டிராவல் குறையுது. கார் சும்மா நிக்கும்போதே ஆர்ம் மேல வந்துடுச்சு இல்லையா, மேல போக இருக்குற மிச்ச இடம் கம்மி. பழைய ஷாக் அப்சார்பரையே விட்டு வெச்சா, அது பாதி அமுங்கின நிலையிலயே உட்கார்ந்திருக்கும். ஒரு மேடு வந்தா ஷாக் முழுசா அமுங்கி, அதுவே முட்டுக்கட்டை ஆகிடும். அந்த அடி நேரா ஷாக் மாட்டியிருக்குற இடத்துல விழும். அதனால அட்ஜஸ்டர் போட்டா நீளம் குறைஞ்ச ஷாக்கும் போடணும். இதை ஆப்ஷன்னு நினைக்காதீங்க, இது கட்டாயம்.

சரியான வழி ரெண்டு: டிராப் ஸ்பிண்டில். வீல் மாட்டுற அச்சு இருக்கே, அதைத் தாங்குற பாகத்துக்குப் பேர் ஸ்பிண்டில். டிராப் ஸ்பிண்டில்ல அந்த அச்சு, வழக்கமான இடத்தைவிட சுமார் இரண்டரை அங்குலம், அதாவது 6.3 செ.மீ. மேல இருக்கும். வீல் மேல போச்சுன்னா கார் கீழ வந்துச்சுன்னு அர்த்தம். ஆர்ம் அதே இடத்துல, பட்டை அதே முறுக்குல, ஷாக் அதே நீளத்துல. டிராவல் அப்படியே இருக்கு. தினமும் ஓட்டப்போற காருக்கு என் ஓட்டு இதுக்குத்தான். ஒரே விஷயம், சில ஸ்பிண்டில்கள் வீலைக் கொஞ்சம் வெளிய தள்ளும். ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சுப் பார்த்து, டயர் மட்கார்டுல உரசுதா, பிரேக் ஹோஸ்ல உரசுதான்னு ரெண்டு பக்கமும் பாக்கணும்.

ரெண்டையும் சேர்த்துப் போடுறவங்களும் உண்டு. ஸ்பிண்டில்ல பெரும்பகுதி இறக்கிட்டு, அட்ஜஸ்டரை வெச்சுக் கடைசி ஒண்ணு ரெண்டு செ.மீ. சரிபண்ணிக்குவாங்க. நல்ல வழிதான்.

உங்க கார் எந்த வருஷம்?

இது முக்கியம். 1965 வரைக்குமான மாடல்கள்ல முன் வீல் கிங் பின், லிங்க் பின்னு ரெண்டு வகைப் பின்கள்ல திரும்பும். 1966 மாடல்ல இருந்து பால் ஜாயின்ட் வந்துச்சு.

பழைய பின் வகையில ஆர்ம் எவ்வளவு மேல போனாலும் அந்தப் பின் சும்மா சுத்தும், எங்கயும் மாட்டாது. பால் ஜாயின்ட் அப்படி இல்லை. நம்ம தோள்பட்டை மாதிரி ஒரு குண்டு, அதைச் சுத்தி ஒரு கிண்ணம். ஒரு கோணத்துக்கு மேல சாய முடியாது. அட்ஜஸ்டரை வெச்சு ரொம்ப இறக்கினா, கார் நிக்கும்போதே ஜாயின்ட் அந்த எல்லைக்குப் பக்கத்துல இருக்கும். அப்புறம் ஒரு பெரிய மேடு வந்தா, குண்டோட கழுத்து கிண்ணத்தோட விளிம்புல நெம்பும். இது திரும்பத் திரும்ப நடந்தா ஜாயின்ட் உடையலாம். ஓட்டத்துல பால் ஜாயின்ட் கழண்டா வீல் எந்தப் பக்கம் திரும்பும்னு யாராலயும் சொல்ல முடியாது. அதனால பால் ஜாயின்ட் காரா இருந்தா முதல்ல ஸ்பிண்டில், அட்ஜஸ்டர் கொஞ்சமே கொஞ்சம்.

வெல்டிங் பண்றவங்களுக்கு ஒரு வார்த்தை

பீட்டில்ல இன்ஜின் பின்னாடி. பெட்ரோல் டேங்க் முன்னாடி, பீமுக்கு நேர் மேல. காரை ஜாக்கி வெச்சுத் தூக்கி, கீழ படுத்துக்கிட்டு பீம்ல வெல்டிங் வெக்கிறதை நினைச்சுப் பாருங்க. யார் சொன்னாலும் அப்படிப் பண்ண விடாதீங்க. டேங்கை எடுத்து, பீமைக் காரை விட்டுக் கழட்டி, பட்டைக் கட்டையும் உருவி வெளிய வெச்சுட்டுதான் வெல்டிங். பட்டைக்குச் சூடு பட்டா அதோட பதம் போயிடும், ஸ்பிரிங்கா வேலை செய்யாது.

இன்னும் நல்ல வழி, அட்ஜஸ்டர் வெச்சே வர்ற புது பீம் வாங்கி மாட்டுறது. காரோட வந்த பீமை எண்ணெய் தடவிப் பத்திரமா வெச்சுக்கலாம். கடைசி பீட்டில் 2003 ஜூலை 30 அன்னைக்கு மெக்ஸிகோவுல புயெப்லா தொழிற்சாலையை விட்டு வெளிய வந்துச்சு. மொத்தம் 2 கோடியே 15 லட்சத்துக்கும் மேல பண்ணினாங்க. ஆனா இனிமே ஒண்ணு கூட வராது. காரோட பிறந்த பாகத்தை வெட்டிட்டா அது வெட்டினதுதான்.

பின்பக்கம்: 40க்கும் 44க்கும் நடுவுல ஒரு கணக்கு

இந்த எபிசோட்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இது.

பின்பக்கக் கம்பியோட ரெண்டு முனையிலயும் பல் வெட்டியிருப்பாங்க. உள் முனையில 40 பல், வெளி முனையில 44 பல். ஏன் ரெண்டும் ஒரே எண்ணிக்கையில இல்லை?

ஒரு வட்டம் 360 டிகிரி. 40ஆல வகுத்தா ஒரு பல்லுக்கு 9 டிகிரி. 44ஆல வகுத்தா சுமார் 8.2 டிகிரி. ஸ்பிரிங் பிளேட்டை வெளி முனையில ஒரே ஒரு பல் நகர்த்திப் போட்டா, வீல் கிட்டத்தட்ட 5, 6 செ.மீ. மாறிடும். அது பெரிய மாற்றம். ஆனா உள்ளே ஒரு பல் ஒரு பக்கமும், வெளிய ஒரு பல் எதிர்ப்பக்கமும் திருப்பினா? 9ல இருந்து 8.2 கழிச்சா, மிச்சம் 0.8 டிகிரிதான். வீல்ல அது தோராயமா 6 மில்லிமீட்டர். எந்த அட்ஜஸ்டரும் இல்லாம, வெறும் பல் எண்ணிக்கையை வெச்சே இவ்வளவு நுணுக்கமா உயரத்தை வெக்க முடியும்னு 1930கள்லயே யோசிச்சிருக்காங்க.

வேலை செய்யும்போது ஒரு கோணமானியை ஸ்பிரிங் பிளேட் மேல வெச்சு, பழைய கோணத்தை ரெண்டு பக்கமும் எழுதி வெச்சுக்கோங்க. காரோட தரைத்தளம் எந்தக் கோணத்துல நிக்குதுன்னும் அளந்து கழிச்சுக்கணும். இடது கம்பியை வலதுல போடக் கூடாது. ஒவ்வொரு கம்பியும் ஒரே திசையில முறுக்குறதுக்காகப் பதப்படுத்தப்பட்டது.

இப்போ எச்சரிக்கை. ஸ்பிரிங் பிளேட் வீலைக் கழட்டினதுக்கப்புறமும் சும்மா தொங்காது. ஒரு தடுப்பு மேல முறுக்கோட அழுத்திக்கிட்டு உட்கார்ந்திருக்கும். அதைத் தடுப்புல இருந்து நெம்பி விட்டா, அடிச்சுக்கிட்டு கீழ வரும். அந்த வழியில விரல் இருந்தா விரல் போகும். பிளேட்டுக்கு அடியில டிராலி ஜாக்கி கொடுத்து, சங்கிலி போட்டு, மெதுவா இறக்கணும். முதல் தடவை பண்றவங்க தனியா பண்ணவே கூடாது.

வீல் சாய்ஞ்சு நிக்குதே, அது சரியா?

பழைய பீட்டில்கள்ல பின்பக்கம் ஸ்விங் ஆக்ஸில். ஆக்ஸில் கியர்பாக்ஸ் பக்கத்துல மட்டும் மடங்கும், வீல் பக்கத்துல மடங்காது. பறவையோட ரெக்கை மாதிரி. காரை இறக்கினா ரெக்கை மேல போகும், ரெண்டு வீலோட மேல்பகுதியும் உள்பக்கம் சாயும்.

இதுல கொஞ்சம் நல்லதும் உண்டு. உயரமா நிக்கிற ஸ்விங் ஆக்ஸில் கார்ல வேகமா ஒடிச்சா, வெளிப்பக்க வீல் காருக்கு அடியில மடிஞ்சு, பின்பக்கம் தூக்கிடுற ஆபத்து இருக்கு. வீல் லேசா உள்பக்கம் சாய்ஞ்சு இருந்தா அந்த ஆபத்து குறையும். ஆனா அளவுக்கு மீறினா டயரோட உள் ஓரம் மட்டும் தேயும். வெளிய இருந்து பார்த்தா டயர் புதுசா தெரியும், உள்ள கம்பி தெரியும். இறக்கினதும் பின் வீல்களுக்கும் அலைன்மென்ட் பாக்கணும். அமெரிக்காவுக்குப் போன பீட்டில்கள்ல 1969 மாடல்ல இருந்து வீல் பக்கத்துலயும் மடங்குற ஆக்ஸில் வந்துச்சு. அதுல சாய்வு ரொம்பக் குறைவு.

கால் லுக்கோட மறைமுக விலை: காஸ்டர்

சைக்கிள்ல ரெண்டு கையையும் விட்டு ஓட்டியிருக்கீங்களா? சைக்கிள் நேராப் போறதுக்கு முன் ஃபோர்க் பின்பக்கம் சாய்ஞ்சு இருக்குறதும் ஒரு காரணம். கார்லயும் முன் வீல் திரும்புற அச்சு அதே மாதிரி சாய்ஞ்சிருக்கும். அதுதான் காஸ்டர். பால் ஜாயின்ட் பீட்டில்ல அது 3 டிகிரிக்குக் கொஞ்சம் மேல.

இப்போ மூக்கை மட்டும் இறக்குங்க. முன் வீலுக்கும் பின் வீலுக்கும் நடுவுல 2400 மில்லிமீட்டர். முன்பக்கத்தை 60 மி.மீ. இறக்கினா கார் முழுக்க சுமார் 1.4 டிகிரி முன்னாடி குனியும். காஸ்டர்ல இருந்து அது அப்படியே கழியும். 100 மி.மீ. இறக்கினா 2.4 டிகிரி போச்சு. மிச்சம் ஒரு டிகிரி கூட இல்லை. 40ல போகும்போது தெரியாது. ஹைவேயில 90ல போய், பக்கத்துல ஒரு லாரி காத்தை அடிச்சுக்கிட்டுக் கடந்தா கார் அலையும். நிறைய பேர் ஸ்டீயரிங் பாக்ஸ்தான் போச்சுன்னு நினைச்சு அதை மாத்துவாங்க.

இதுக்கு மருந்து ரொம்பச் சின்னது. பீமோட கீழ்க் குழாய்க்கும் சேஸிஸுக்கும் நடுவுல வெக்கிற காஸ்டர் ஷிம்ங்கிற இரும்புத் துண்டு. கீழ்க் குழாய் கொஞ்சம் முன்னாடி வரும், இழந்த சாய்வு திரும்பக் கிடைக்கும். கூடவே நீளமான போல்ட்டும் வாங்குங்க. பழைய போல்ட் ரெண்டு மரை மட்டும் பிடிச்சுக்கிட்டு நிக்கக் கூடாது.

டயரும் ஸ்பீடோமீட்டரும்

சின்ன டயர் போட்டாலும் கார் இறங்கும். 165/80 அளவுல 15 அங்குல டயரோட உயரம் சுமார் 645 மி.மீ. 145/65 போட்டா சுமார் 570. பாதி கணக்குப் பண்ணினா கார் 3.7 செ.மீ. இறங்குது. டிராப் ஸ்பிண்டிலோட சேர்த்தா மொத்தம் 10 செ.மீ.

ஆனா பீட்டில்ல ஸ்பீடோமீட்டர் கேபிள் கியர்பாக்ஸ்ல இருந்து வர்றதில்லை, இடது முன் வீல்ல இருந்து வருது. டயர் சின்னதானா வீல் அதிக தடவை சுத்தும். நீங்க நிஜமா 80ல போனா மீட்டர் 90 காட்டும். ஓடின கிலோமீட்டரும் கூடுதலாத்தான் ஏறும். டயர் தாங்குற எடையையும் பக்கவாட்டுல எழுதியிருக்குறதைப் பார்த்து வாங்குங்க.

ஏர் கூல்டு காருக்கு மட்டும் உள்ள ஆபத்து

இந்த இன்ஜின்ல ரேடியேட்டர் இல்லை, தண்ணி இல்லை. ஃபேன் அடிக்கிற காத்தும், உள்ள ஓடுற ஆயிலும்தான் சூட்டை எடுக்குது. அந்த ஆயில் மொத்தமே 2.5 லிட்டர். அதனால கூடுதல் ஆயிலுக்காக இன்ஜினுக்கு அடியில டீப் சம்ப்னு ஒரு தொட்டியைத் தொங்க விடுவாங்க. உயரமான கார்ல அது நல்ல யோசனை. இறக்கின கார்ல, ஸ்பீடு பிரேக்கர்ல முதல்ல தட்டுறது அதுவா இருக்கலாம். அது உடைஞ்சா ஆயில் கொட்டும். நீங்க சிவப்பு லைட்டைக் கவனிக்காம ரெண்டு நிமிஷம் ஓட்டினா இன்ஜின் போச்சு. பின்பக்கத்தை இறக்குறதா இருந்தா, எந்தப் பாகம் தரைக்கு ரொம்பக் கிட்ட இருக்குன்னு படுத்துப் பார்த்து அளந்துக்கோங்க.

நேயர் கேள்வி

"அண்ணா, இதையெல்லாம் பண்ணிட்டு நம்ம ஊர் ரோட்டுல ஓட்ட முடியுமா?"

ஜெர்மனியில சஸ்பென்ஷனை மாத்தினா பரிசோதனை பண்ணி, வண்டியோட பேப்பர்ல பதிவு பண்ணணும். நம்ம நாட்டுல மோட்டார் வாகனச் சட்டத்தோட 52ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரங்கள்ல இருந்து வண்டியை மாத்துறதுக்குக் கட்டுப்பாடு வெச்சிருக்கு. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதைக் கண்டிப்பாவே சொல்லிடுச்சு. அதனால கையில ஸ்பேனரை எடுக்குறதுக்கு முன்னாடி ஆர்டிஓ ஆபீஸ்ல எழுத்துல கேட்டுக்கோங்க. இன்ஷூரன்ஸ் கம்பெனிகிட்டயும் சொல்லுங்க.

"எதுல ஆரம்பிக்கிறது?"

இறக்குறதுல ஆரம்பிக்காதீங்க. முதல்ல காரை இருக்குற உயரத்துலயே சரியாக்குங்க. ஆர்ம் புஷ்ஷு, ஜாயின்ட், பிரேக், ஸ்டீயரிங் எல்லாத்தையும் பாருங்க. தேய்ஞ்ச பாகத்தோட இறக்கின கார், ரெண்டு பிரச்சினையை ஒண்ணாக் கலந்து கொடுக்கும். எதனால அலையுதுன்னு கண்டுபிடிக்கவே முடியாது. அப்புறம் ஸ்பிண்டில், ஷிம், அலைன்மென்ட். ஒரு மாசம் ஓட்டிப் பாருங்க. இன்னும் இறக்கணும்னு அப்பவும் தோணினா அட்ஜஸ்டரும் நீளம் குறைஞ்ச ஷாக்கும்.

கடைசியா ஒரு டெஸ்ட். வேலை முடிஞ்சதும் காருக்குள்ள நாலு பேரை உட்கார வெச்சு, முன்பக்கமும் பின்பக்கமும் வீல் மேல போக இன்னும் எவ்வளவு இடம் இருக்குன்னு ஸ்கேல் வெச்சு அளங்க. போட்டோவுல தெரியுறது டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல இருக்குற இடைவெளி. உங்களையும் கூட வர்றவங்களையும் காப்பாத்துறது நீங்க இப்போ அளந்த இந்த இடைவெளி.

அடுத்த எபிசோட்ல சந்திக்கலாம். பத்திரமா ஓட்டுங்க.